சொந்தக் கருவி இல்லாமல் நானோ மின்னணு ஆராய்ச்சி: அரசு ஆய்வகங்களுக்குள் நுழைவது எப்படி?

உங்கள் துறையில் இருப்பது ஒரு மஃபிள் ஃபர்னஸ், ஒரு ஸ்பின் கோட்டர், வயதான யுவி ஸ்பெக்ட்ரோமீட்டர் ஒன்று. இதை வைத்துக்கொண்டு கேஸ் சென்சாரோ டிரான்சிஸ்டரோ செய்து பிஎச்.டி. முடிக்க வேண்டும். கைடு அக்கறையானவர்தான், ஆனால் அவருக்கும் வெளி ஆய்வகங்களில் ஆள் பழக்கம் இல்லை. நான் இந்த நிலையில்தான் தொடங்கினேன். யாரிடம் கேட்பது, எந்தப் படிவம், எவ்வளவு செலவு, எத்தனை மாதம் என்று ஒவ்வொன்றையும் முட்டி மோதித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நானோ ஆராய்ச்சிக்கு அரசு கோடி கோடியாகக் கொடுக்கிறது என்று செய்தி வரும்போதெல்லாம் நம் கல்லூரிக்கு என்ன வந்தது என்று கேட்கத் தோன்றும். 2007இல் தொடங்கிய நானோ மிஷனுக்கு 5 ஆண்டுகளுக்கு 1,000 கோடி ரூபாய் என்றார்கள். அதற்கு முன்பே, 2006இல், மத்திய அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை பெங்களூரு ஐஐஎஸ்சியிலும் ஐஐடி பம்பாயிலும் நானோ மின்னணு மையங்களைத் தொடங்கியிருந்தது. இப்படிப் போட்ட பணத்தில் எழுந்த கிளீன்ரூம்களில் (தூசு புகாமல் சாதனம் செய்யும் அறைகள்) வெளியாட்களுக்கும் இடம் உண்டு. அதற்கென்றே தனித் திட்டம் நடக்கிறது. ஆகவே "கருவி வாங்கப் பணம் கொடுங்கள்" என்று எழுதிப் போட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்காதீர்கள். "உங்கள் கருவியில் எனக்கு நேரம் கொடுங்கள்" என்று முதலில் கேளுங்கள். அதற்குத்தான் பதில் சீக்கிரம் வருகிறது.

கட்டணமும் விதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். விண்ணப்பிக்கும் நாளில் இணையதளத்தில் இருக்கும் அறிவிப்பை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். சீனியர் கொடுத்த பழைய படிவத்தை நிரப்பி அனுப்புவது பலர் செய்யும் தவறு.

1. உங்களுக்கு என்ன வேண்டும் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

நான்கு வாசல்கள் இருக்கின்றன. செய்து வைத்திருக்கும் பொருளை அளந்து பார்த்தால் போதும் என்றால் அது ஒரு வாசல். வேஃபரில் (மெல்லிய சிலிக்கான் வட்டில்) படலம் போட்டு, வடிவம் எழுதி, மின்முனை வைத்து முழுச் சாதனம் செய்ய வேண்டும் என்றால் இன்னொன்று. சுற்று வடிவமைத்துச் சிப்பாகவே பார்க்க வேண்டுமென்றால் மூன்றாவது. ஆள், பொருள், கருவி எல்லாவற்றுக்கும் பணத்தோடு சொந்தத் திட்டம் வேண்டுமென்றால் நான்காவது.

இதைக் குழப்பிக்கொண்டால் மாதங்கள் போய்விடும். வெறும் எஸ்இஎம் (மின்னணு நுண்ணோக்கி) படம் எடுக்க வேண்டியவர் சாதனம் செய்யும் திட்டத்துக்கு விண்ணப்பித்தால், "இது அளவீடு மட்டும்தானே" என்று திருப்பி அனுப்புவார்கள். ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: என் ஆய்வேட்டில் எந்தப் படம், எந்த வரைபடம் வர வேண்டும்? அதற்கு எந்தக் கருவி? அந்தத் தாளைக் கைடிடம் காட்டி ஒப்புதல் வாங்கிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

2. அளவீடு மட்டும் போதுமென்றால்

இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, அறிவியல் தொழில்நுட்பத் துறை நடத்தும் நுண்கருவி மையங்கள். சைஃப் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சென்னையில் ஐஐடி மெட்ராஸ் வளாகத்தில் ஒன்று இருக்கிறது. குமரி, நெல்லைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் மையம் வசதி. இரண்டாவது, ஐ-ஸ்டெம் என்ற தேசிய இணையதளம். 2020 ஜனவரியில் தொடங்கியது. நாடு முழுக்க அரசுப் பணத்தில் வாங்கிய ஆய்வுக் கருவிகளின் பட்டியல் அதில் இருக்கிறது. கருவியின் பெயரைப் போட்டுத் தேடினால் எந்த ஊரில், எந்த நிறுவனத்தில், என்ன கட்டணம் என்று பார்த்து அங்கேயே நேரம் பதிவு செய்யலாம். கல்லூரி மின்னஞ்சலை வைத்துக் கணக்கு தொடங்குவது நல்லது. தனிப்பட்ட மின்னஞ்சலில் தொடங்கினால் நீங்கள் கல்வி நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்று நிரூபிக்கக் கூடுதல் கடிதம் கேட்பார்கள்.

கட்டணத்தில் கல்வி நிறுவனத்துக்கு ஒரு விலை, தொழில் நிறுவனத்துக்கு அதைவிடப் பல மடங்கு. கல்வி விலை கிடைக்கக் கைடோ துறைத்தலைவரோ கையெழுத்திட்ட, முத்திரை வைத்த படிவம் வேண்டும். எந்த விலையானாலும் மேலே 18% ஜிஎஸ்டி உண்டு. கணக்குப் போடும்போது இதை மறந்துவிட்டுப் பணம் கட்டினால், குறைகிற தொகைக்காக உங்கள் சாம்பிள் மேசையிலேயே கிடக்கும்.

இனி சாம்பிள். பெரும்பாலான பணமும் நேரமும் இங்கேதான் வீணாகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

காந்தத் தன்மை உள்ள பொடிகளை, அதாவது இரும்பு, கோபால்ட், நிக்கல் சேர்ந்தவற்றை, பல டிஇஎம் (ஊடுருவு மின்னணு நுண்ணோக்கி) ஆய்வகங்கள் வாங்கவே மாட்டார்கள். லென்ஸின் காந்தப்புலம் பொடியை இழுத்துக் கருவிக்குள் ஒட்டவைத்துவிடும். முன்கூட்டியே கேட்டுவிட்டு அனுப்புங்கள். உண்மையை மறைத்து அனுப்பவே கூடாது, கோடிக்கணக்கான ரூபாய்க் கருவி அது.

மின்கடத்தாத சாம்பிளுக்கு எஸ்இஎம் எடுக்கும்போது மேலே தங்கம் பூசுவார்கள். அதே சாம்பிளில் தனிமங்களின் அளவையும் பார்க்கக் கேட்டிருந்தால் தங்கத்தின் உச்சிகள் நடுவே வந்து நிற்கும். கார்பன் பூச்சு போட முடியுமா என்று படிவத்திலேயே எழுதிவிடுங்கள்.

மெல்லிய படலத்துக்குச் சாதாரண எக்ஸ்ஆர்டி (எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு அளவீடு) எடுத்தால் அடியில் இருக்கும் சிலிக்கானோ கண்ணாடியோதான் பெரிதாகத் தெரியும். படலம் சில பத்து நானோமீட்டர்தான் என்றால் சாய்கோண முறையில் எடுக்கச் சொல்லுங்கள். ராமன் நிறமாலையிலும் இதே கதைதான். 520 என்ற அலைஎண்ணுக்குப் பக்கத்தில் வரும் கூர்மையான உச்சி சிலிக்கானுடையது. அதைத் தன் பொருளின் உச்சி என்று எழுதிய கட்டுரை வரைவுகளைப் பார்த்திருக்கிறேன்.

பொடி என்றால் நன்றாக உலர்த்தி, மூடி இறுகிய சின்னக் குப்பியில் போட்டு, பேனா மை கரையாத மாதிரி பெயர் எழுதுங்கள். "எஸ்1, எஸ்2" என்று மட்டும் எழுதாமல் உங்கள் பெயரின் முதலெழுத்தையும் சேருங்கள். எல்லாரும் எஸ்1தான் அனுப்புகிறார்கள்.

காலம்: எக்ஸ்ஆர்டி, எஃப்டிஐஆர் (அகச்சிவப்பு நிறமாலை) போன்றவை சீக்கிரம் வரும். டிஇஎம், எக்ஸ்பிஎஸ் (எக்ஸ்-கதிர் ஒளிமின்னணு நிறமாலை) இரண்டுக்கும் வரிசை நீளம், பராமரிப்பு என்று கருவி நின்றுவிட்டால் இன்னும் தள்ளிப்போகும். ஆய்வேடு சமர்ப்பிக்கும் பருவத்தில் எல்லா ஊர் மாணவர்களும் ஒரே நேரத்தில் வந்து குவிவார்கள். உங்கள் டிஇஎம் தேவையை அந்தப் பருவத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

3. சாதனமே செய்ய வேண்டுமென்றால்: ஐஎன்யூபி

இந்தக் கட்டுரையை நான் எழுதுவதே பெரும்பாலும் இதற்காகத்தான். இந்திய நானோ மின்னணுப் பயனர் திட்டம், சுருக்கமாக ஐஎன்யூபி. மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் பணம் கொடுக்கிறது. இப்போதைய வடிவத்துக்கு ஐஎன்யூபி-ஐ2ஐ என்று பெயர். ஐஐஎஸ்சி, ஐஐடி பம்பாய், ஐஐடி மெட்ராஸ், ஐஐடி டெல்லி, ஐஐடி கரக்பூர், ஐஐடி குவாஹாட்டி ஆகிய 6 இடங்களில் நடக்கிறது. நாட்டில் எந்தக் கல்லூரியின் ஆசிரியரும் ஆய்வு மாணவரும் விண்ணப்பிக்கலாம். தனியார் சுயநிதிக் கல்லூரி என்பதால் தயங்க வேண்டாம்.

மூன்று கட்டமாகப் போகும். முதலில் அறிமுகப் பட்டறை. ஆக்சிடேஷன் (ஆக்சைடு வளர்ப்பது), லித்தோகிராஃபி (வடிவம் எழுதுவது), எட்சிங் (அரிப்பது), படலப் படிவு என்று விரிவுரைகள் இருக்கும். அடுத்தது கைப்பயிற்சி. கிளீன்ரூமுக்குள் உங்களையே அழைத்துப்போய் ஒரு சிறிய சாதனத்தை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை செய்யவைப்பார்கள். மூன்றாவதுதான் உங்கள் சொந்த ஆய்வுத் திட்டம். நீங்கள் முன்மொழிவு எழுதி அனுப்ப, அவர்களின் குழு படித்து, கேள்வி கேட்டு, ஒப்புதல் தரும். ஒப்புதல் கிடைத்தால் கருவி நேரத்தின் செலவைத் திட்டம் ஏற்கும்.

நேராக மூன்றாவது கட்டத்துக்குத் தாவ நினைக்காதீர்கள். முதல் இரண்டு கட்டங்களில் கலந்துகொண்டவரின் முன்மொழிவில் தெளிவு இருக்கும், படிப்பவருக்கு அது உடனே தெரியும். கைப்பயிற்சியில் இன்னொரு பெரிய லாபம், அங்கே வேலை செய்யும் தொழில்நுட்ப அலுவலர்களின் பழக்கம். எந்தக் கருவி நன்றாக ஓடுகிறது, எது அடிக்கடி நிற்கிறது என்பதெல்லாம் அவர்களிடம் கேட்டால்தான் தெரியும்.

கைப்பயிற்சிக்கு இடங்கள் குறைவு. விண்ணப்பத்தில் "ஏன் வர விரும்புகிறீர்கள்" என்ற பெட்டியில் "நானோ தொழில்நுட்பத்தில் எனக்கு மிகுந்த ஆர்வம்" என்று எழுதினால் இடம் கிடைப்பது கடினம். "என்னிடம் துத்தநாக ஆக்சைடு படலம் இருக்கிறது, அதன் மேல் 10 மைக்ரான் இடைவெளியில் மின்முனை வைத்து அம்மோனியா உணரி செய்ய வேண்டும், லிஃப்ட்-ஆஃப் கற்றுக்கொள்ள வருகிறேன்" என்கிற மாதிரி எழுதுங்கள். தேர்வு செய்பவர் தேடுவது இதைத்தான்.

எந்த மையத்தைத் தேர்ந்தெடுப்பது? நம் ஊருக்குச் சென்னையும் பெங்களூரும் பக்கம் என்பது உண்மைதான், ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு மையத்தின் கருவிப் பட்டியலையும் திறந்து, உங்கள் வேலைக்கு வேண்டிய எல்லாக் கருவிகளும் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றனவா என்று பாருங்கள். பாதி வேலையை ஓரிடத்தில் முடித்து மீதியை இன்னோர் இடத்தில் செய்வது பேச்சுக்கு எளிது. வெளியே போய் வந்த வேஃபரைப் பல கிளீன்ரூம்கள் உள்ளே விடமாட்டார்கள்.

4. ப்ராசஸ் ஃப்ளோ (செய்முறைப் படிகளின் வரிசை) எழுதுங்கள்

முன்மொழிவில் முன்னுரை எவ்வளவு அழகாக இருந்தாலும் குழு முதலில் புரட்டுவது இந்தப் பக்கத்தைத்தான். ஒவ்வொரு படியும் ஒரு வரி: என்ன செய்கிறோம், எந்தக் கருவி, எந்தப் பொருள், என்ன தடிமன், என்ன வெப்பநிலை, எவ்வளவு நேரம், அந்தப் படி சரியாக வந்ததா என்று எப்படிச் சோதிப்போம். பக்கத்தில் ஒவ்வொரு படிக்கும் குறுக்குவெட்டுப் படம். பென்சிலில் வரைந்து படமெடுத்து ஒட்டினாலும் பரவாயில்லை, படம் இருக்க வேண்டும்.

வேஃபரைப் பற்றி முழு விவரம் கொடுங்கள். "சிலிக்கான் வேஃபர்" என்று மட்டும் எழுதினால் போதாது. விட்டம், படிகத் திசை, பி வகையா என் வகையா, மின்தடை எண், தடிமன், ஒரு பக்கம் பளபளப்பா இரு பக்கமா. 4 அங்குல வேஃபர் வழக்கமாக 525 மைக்ரான் தடிமன் இருக்கும். உங்கள் கல்லூரியில் உடைத்து வைத்திருக்கும் சின்னத் துண்டுகளைக் கொண்டுபோவதாக இருந்தால், துண்டுகளை ஏற்கும் கருவிகள் எவை என்று கேட்டு அதற்கேற்ப ஃப்ளோவை மாற்றுங்கள். சில கருவிகள் முழு வேஃபரைத்தான் பிடிக்கும்.

அடுத்தது மாசுக் கட்டுப்பாடு. புதிதாக வருபவர்கள் அதிகமாக அடிபடும் இடம் இது. சிலிக்கானுக்குள் தங்கம் வேகமாகப் பரவி மின்னூட்டங்களைப் பிடித்துக்கொள்ளும். சோடியமும் பொட்டாசியமும் ஆக்சைடுக்குள் நகர்ந்து டிரான்சிஸ்டரின் தொடக்க மின்னழுத்தத்தை இடம் மாற்றிவிடும். அதனால் தங்கம் பட்ட வேஃபரோ, பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் அரித்த வேஃபரோ சுத்தமான ஆக்சிடேஷன் உலைக்குள் போகவே கூடாது. போனால் அந்த உலையில் வேலை செய்யும் மற்ற எல்லாருடைய சாதனங்களும் கெடும். உங்கள் ஃப்ளோவில் உயர் வெப்பப் படிகள் எல்லாம் உலோகப் படிக்கு முன்னால் வருகின்றனவா என்று விரல் வைத்துப் பாருங்கள். கல்லூரியில் நீங்களே தயாரித்த நானோ பொடியையோ கரைசலையோ கொண்டுபோவதானால் அதன் பாதுகாப்புத் தகவல் தாளையும், என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்ற பட்டியலையும் இணையுங்கள். வெளிப் பொருளுக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும், அதற்கும் நாளாகும்.

கோட்டின் அகலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நானோ என்ற பெயர் இருப்பதால் எல்லாரும் 50 நானோமீட்டர் என்று எழுதுகிறார்கள். அதற்கு எலக்ட்ரான் கற்றை லித்தோகிராஃபி வேண்டும். மெதுவாக எழுதும் கருவி, வரிசையும் நீளம். உங்கள் உணரியில் நானோவாக இருப்பது பொருள்தான் என்றால் மின்முனை 5 மைக்ரானில் இருந்தாலே போதும். அதை, வடிவ அச்சான மாஸ்க் வழியாக ஒளி பாய்ச்சும் சாதாரண மாஸ்க் அலைனரில் முடித்துவிடலாம். தேவைக்கு மேல் சின்னதாகக் கேட்காதீர்கள்.

மாஸ்க் வடிவத்தை வரைய கேலேஅவுட் என்ற இலவச மென்பொருள் போதும். கோப்பை ஜிடிஎஸ் வடிவில் சேமியுங்கள். அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தும் குறிகள் எல்லா அடுக்கிலும் இருக்கின்றனவா? ஒளி படும் பூச்சான ரெசிஸ்ட் பாசிட்டிவா நெகட்டிவா, அதற்கேற்ப மாஸ்கில் எது இருட்டு எது வெளிச்சம்? இதைத் தலைகீழாக அனுப்பிவிட்டால் மாஸ்க் குப்பைக்குத்தான் போகும். கோப்பை அனுப்பும் முன் அந்த மையத்தின் லித்தோகிராஃபி பொறுப்பாளரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள், ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

கடைசியாக, செய்வதற்கு முன் கணினியில் ஓட்டிப் பாருங்கள். பர்டூ பல்கலைக்கழகத்தின் நானோஹப் தளத்தில் பல சாதனச் சிமுலேஷன்கள் இலவசம். எதிர்பார்க்கும் மின்னோட்டம் இவ்வளவு என்று ஒரு வரைபடம் முன்மொழிவில் இருந்தால், சாதனம் தயாரான பிறகு ஒப்பிட்டுப் பேச முடியும். குழு விரும்பிப் பார்க்கும் விஷயம் இது.

5. கையெழுத்துகளும் காகிதங்களும்

அறிவியல் முடிந்தது, அலுவலகம் தொடங்குகிறது. பொதுவாகக் கேட்பவை: கல்லூரி அடையாள அட்டை, பிஎச்.டி. பதிவுக் கடிதம், கைடின் பரிந்துரைக் கடிதம், முதல்வரோ பதிவாளரோ தரும் தடையில்லாச் சான்று, ஆதார், புகைப்படம், தன்விவரக் குறிப்பு. பகுதிநேர ஆய்வாளர் என்றால் வேலை செய்யும் நிறுவனத்திலிருந்தும் தடையில்லாச் சான்று வேண்டும்.

தடையில்லாச் சான்று சாதாரணக் காகிதம் போலத் தெரியும், ஆனால் அதிக நாள் பிடித்தது எனக்கு அதுதான். ஒரு அலுவலகத்தில் கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர வாரங்கள் ஆயின. "இதுபோல இதற்கு முன் யாருக்கும் கொடுத்ததில்லை" என்பதுதான் காரணம். ஆகவே கடிதத்தின் வரைவை நீங்களே தட்டச்சு செய்து கொண்டுபோங்கள். திட்டத்தின் அறிவிப்பு நகலை இணையுங்கள். "கல்லூரிக்கு இதனால் எந்தச் செலவும் இல்லை" என்பது உண்மையானால் அந்த வரியைக் கட்டாயம் சேருங்கள். கையெழுத்து விரைவாக விழ அந்த ஒரு வரி உதவுகிறது. விண்ணப்ப அறிவிப்பு வருவதற்கு முன்பே இந்தச் சான்றை வாங்கி வைத்துக்கொள்ளலாம். தேதி பழையதாகிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் யோசனைக்குக் காப்புரிமை எடுக்கும் எண்ணம் இருந்தால், முன்மொழிவு அனுப்பும் முன்பே கைடோடு பேசி, அந்த மையத்தின் அறிவுசார் சொத்து விதியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். வேலை முடிந்த பிறகு பேசினால் மனக்கசப்புதான்.

6. கையிலிருந்து எவ்வளவு போகும்?

கருவி நேரம் திட்டத்தில் வந்துவிட்டாலும் வேறு செலவுகள் இருக்கின்றன. பயணம், தங்குமிடம், சாப்பாடு. கைப்பயிற்சிக்குப் பயணப்படியும் தங்குமிடமும் தருகிறார்களா, எந்த வகுப்பு ரயில் கட்டணம் வரை என்பதெல்லாம் ஒவ்வொரு அறிவிப்பிலும் போட்டிருக்கும். தருகிறார்கள் என்றாலும் முதலில் நீங்கள் செலவழித்து, பிறகுதான் வாங்குவீர்கள். ரயில் டிக்கெட், ரசீது, வங்கிக் கணக்கின் ரத்து செய்த காசோலை எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள்.

தங்குமிடத்தை முன்பே எழுதிக் கேளுங்கள். வளாக விடுதி நிரம்பிவிட்டால் வெளியே தங்க வேண்டும், சென்னையிலும் பெங்களூரிலும் அது சின்னத் தொகை இல்லை. கிளீன்ரூம் வேலை நினைத்த நாளில் முடியாது என்பதால், திட்டமிட்டதைவிடக் கூடுதல் நாட்களுக்குப் பணம் ஒதுக்கி வையுங்கள். சிறப்பு வேஃபர், மாஸ்க், அரிய உலோகம், பார்சல் கட்டணம் இவற்றில் எது திட்டத்தில் சேரும், எது சேராது என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு போதாது.

7. கிளீன்ரூமுக்குள் போகும் முதல் நாள்

பவுடர், மேக்கப், வாசனைத் திரவியம் வேண்டாம். விபூதி, குங்குமம், தலையில் பூ இவையும் வேண்டாம், துகள்தான் அங்கே முதல் எதிரி. வளையல், மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். சாதாரணக் காகிதமும் பென்சிலும் உள்ளே போகாது, அதற்கென்று தனிக் காகிதம் கொடுப்பார்கள். லித்தோகிராஃபி அறையின் மஞ்சள் வெளிச்சம் கொஞ்ச நேரத்தில் கண்ணுக்குப் பழகிவிடும்.

பாதுகாப்பில் இரண்டு விஷயங்களை அழுத்திச் சொல்கிறேன். ஒன்று, ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். தோலில் பட்டால் உடனே வலிக்காமல் போகலாம். உள்ளே ஊடுருவி உடம்பின் கால்சியத்தைப் பிடித்து, எலும்பு, இதயம் வரை பாதிக்கும். பட்டது போலச் சந்தேகம் வந்தாலே தண்ணீரில் கழுவி, கால்சியம் குளுக்கோனேட் ஜெல் தடவி, உடனடியாகச் சொல்லுங்கள். அந்த ஜெல் எங்கே இருக்கிறது என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தனியாக இருக்கும்போது அந்த அமிலத்தைத் தொடாதீர்கள். இரண்டு, பிரானா கரைசல். கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்தது. அசிட்டோன் மாதிரியான கரிமக் கரைப்பான் அதில் கலந்தால் வெடிக்கும். அசிட்டோனில் கழுவிய வேஃபரைத் தண்ணீரில் நன்றாக அலசாமல் அதற்குள் போடக் கூடாது. பயிற்சியாளர் இதையெல்லாம் வேகமாகச் சொல்லிப் போவார். புரியவில்லையென்றால் நிறுத்திக் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இன்னொன்று, வேலை முழுவதையும் மையத்தின் ஆட்களே செய்து தருவதும் உண்டு, நீங்கள் பக்கத்தில் இருந்து பார்ப்பீர்கள். முடிந்தால் ஒவ்வொரு படியின்போதும் அங்கே இருங்கள். தடிமன் 100 நானோமீட்டர் என்று கேட்டு 130 வந்தால், அது உங்கள் சாதனத்துக்குப் பரவாயில்லையா என்று அந்த இடத்திலேயே முடிவு சொல்ல உங்களால்தான் முடியும்.

8. சிப் வடிவமைப்பு என்றால்

இது தனி நபராக நுழையும் வாசல் இல்லை. மின்னணு அமைச்சகத்தின் சிப்ஸ் டு ஸ்டார்ட்-அப் திட்டத்தில் கல்லூரிதான் சேர வேண்டும். சேர்ந்த கல்லூரிகளுக்குப் அரசின் கணினி ஆய்வு நிறுவனமான பெங்களூரு சி-டாக்கில் இருக்கும் சிப்இன் மையம் வழியாக, தனியாக வாங்க முடியாத விலையுள்ள வடிவமைப்பு மென்பொருள்கள் கிடைக்கின்றன. மாணவர் வடிவமைப்புகளை மொகாலியில் உள்ள அரசின் செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் முறையில் சிப்பாகச் செய்யவும் வழி இருக்கிறது. உங்கள் கல்லூரி பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பக்கத்தில் பட்டியலில் உள்ள கல்லூரியின் பேராசிரியரோடு இணை ஆய்வாகத் தொடங்குவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

9. சொந்தத் திட்டத்துக்குப் பணம் கேட்பது

ஆசிரியராக இருப்பவர்களுக்கு இது. ஆய்வுகளுக்கு நிதி கொடுத்துவந்த பழைய எஸ்இஆர்பி வாரியம் இப்போது அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளைக்குள் வந்துவிட்டது. ஏஎன்ஆர்எஃப் என்று சொல்கிறார்கள். பணியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பிரதமர் பெயரிலான தொடக்கநிலை ஆய்வு நிதி இருக்கிறது. 3 ஆண்டுகளுக்கு 60 லட்சம் ரூபாய் வரை கேட்கலாம். பட்டியல் சாதி, பழங்குடி ஆய்வாளர்களுக்குத் தனித் திட்டம் உண்டு. மாநிலப் பல்கலைக்கழகங்களைப் பெரிய நிறுவனங்களோடு சேர்த்துக் கட்டும் "பேர்" (PAIR) என்ற திட்டமும் இருக்கிறது, அதில் விண்ணப்பிப்பது நிறுவனம்.

ஐஎன்யூபியில் ஏற்கெனவே ஒரு சாதனம் செய்து, அதன் அளவீட்டை வைத்துக்கொண்டு இங்கே வந்தீர்களானால் உங்கள் கோரிக்கை வலுவாக நிற்கும். பட்ஜெட்டில் பெரிய கருவி கேட்காதீர்கள். "அந்தக் கருவி ஐ-ஸ்டெம்மில் இருக்கிறதே" என்று கேட்பார்கள், நியாயமான கேள்விதான். ஆய்வகத்திலேயே தினமும் தேவைப்படும் சின்னக் கருவி, ப்ரோப் ஸ்டேஷன், சோர்ஸ் மீட்டர் இப்படிக் கேளுங்கள். வெளி அளவீட்டுக்கும் பயணத்துக்கும் நல்ல தொகை வையுங்கள். ஆய்வு உதவியாளருக்கு 2023 ஜனவரி முதல் ஜேஆர்எஃப் (இளநிலை) என்றால் மாதம் 37,000 ரூபாய், எஸ்ஆர்எஃப் (முதுநிலை) என்றால் 42,000 ரூபாய், மேலே ஊருக்கேற்ற வீட்டு வாடகைப்படி. அதைச் சரியாகப் போடுங்கள். கருவியின் விலையில் 18% ஜிஎஸ்டியும், இறக்குமதி என்றால் சுங்கமும் பார்சலும் சேர்க்க வேண்டும். ஆய்வு நிறுவனங்களுக்கு முன்பு இருந்த 5% சலுகை வரி 2022 ஜூலையோடு போய்விட்டது. பழைய கொட்டேஷனை நம்பி எழுதியவர்கள் கருவி வாங்கும்போது திண்டாடினார்கள்.

பணம் கிடைத்ததும் கணக்கு. நிதியாண்டு மார்ச் 31இல் முடியும். ஜிஎஃப்ஆர் 12-ஏ என்ற படிவத்தில் பயன்பாட்டுச் சான்றும், தலைப்பு வாரியாகச் செலவு அறிக்கையும் கொடுத்தால்தான் அடுத்த ஆண்டுத் தவணை வரும். இது ஏப்ரலிலேயே போக வேண்டும். தாமதமானால் தவணையும் தாமதமாகும், உங்கள் ஆய்வு உதவியாளரின் சம்பளம் மாதக்கணக்கில் நிற்கும். அந்தப் பிள்ளைகளின் வீட்டு வாடகை அதில்தான் போகிறது, தயவுசெய்து இதை அலட்சியம் செய்யாதீர்கள். நிதிக்கு வட்டி வந்திருந்தால் அது உங்களுடையது அல்ல, அரசுக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். ஒரு தலைப்பின் பணத்தை இன்னொரு தலைப்பில் செலவழிக்கும் முன் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கொள்முதலுக்கு அரசின் இணையச் சந்தையான ஜெம் தளத்தில் முதலில் தேடி, கிடைக்காவிட்டால் "இல்லை" என்ற அறிக்கையை அந்தத் தளத்திலிருந்தே எடுத்து கோப்பில் வையுங்கள். தணிக்கைக்கு வருபவர் கேட்கும் முதல் தாள்களில் அதுவும் ஒன்று.

10. வேலை முடிந்த பிறகு

மையத்தை விட்டுக் கிளம்பும் முன் உங்கள் அளவீடுகளின் மூலக் கோப்புகளை வாங்கிவிடுங்கள். படமாக மட்டும் வாங்கினால் பிறகு வரைபடத்தை மாற்றி வரைய முடியாது. எண்கள் உள்ள உரைக் கோப்பாகவும் கேளுங்கள், சில கருவிகளின் கோப்பு வேறு கணினியில் திறக்காது. கருவியின் பெயர், மாதிரி எண், மின்னழுத்தம், அழுத்தம், வெப்பநிலை எல்லாவற்றையும் அன்றே குறித்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் மதிப்பீட்டாளர் ஓராண்டு கழித்துக் கேட்பார். மீதமுள்ள சாம்பிளைத் திருப்பி வாங்குங்கள், குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் வைத்திருக்க மாட்டார்கள்.

கட்டுரை வெளியிடும்போது நன்றியுரையில் திட்டத்தின் பெயர், அமைச்சகத்தின் பெயர், மையத்தின் பெயர் மூன்றும் அவர்கள் கொடுத்த வாசகத்தின்படியே வர வேண்டும். இதை ஒப்புதல் கடிதத்திலேயே சொல்லியிருப்பார்கள். எத்தனை கட்டுரை வந்தது என்ற கணக்கைக் காட்டித்தான் மையங்கள் அடுத்த சுற்று நிதியைக் கேட்கின்றன. உங்களுக்குப் பின்னால் வரும் சிறு கல்லூரி மாணவருக்கு அந்த வாசல் திறந்திருக்க உங்கள் நன்றியுரையும் கணக்கில் சேரும். வெளியான கட்டுரையின் நகலையும் முடிவறிக்கையையும் மையத்துக்கு அனுப்பிவிடுங்கள். முடிவறிக்கை நிலுவையில் இருந்தால் உங்கள் அடுத்த விண்ணப்பம் பரிசீலனைக்கே போகாது.